அவளுடைய புடவைகளை வெட்டினேன்

என் கணவரின் முதல் மனைவி கட்டிய புடவைகளை வெட்டிப் போர்வை தைத்தவள் நான். மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் அதை இன்றைக்கும் பெரிய மனசு என்றுதான் சொல்கிறார்கள். மூத்தாளின் துணியை இவ்வளவு அருமையாகப் போற்றும் இளையாளை எங்கே பார்க்க முடியும் என்று கேட்கிறார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை. முதல் புடவையில் கத்தரிக்கோலை வைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதுமில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வீட்டுக்கு வீடு ரெடிமேடு துணி தைக்கும் ஊர். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நைட்டியும் உள்பாவாடையும் தைத்தே வளர்ந்தேன். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சீக்கு வந்ததில் என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், முப்பத்திரண்டு வயதில்தான் கொச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இரண்டாம் தாரம். முதல் மனைவி எலிக்காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை, மாப்பிள்ளை சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டுகிறார், குடிப்பதில்லை என்றார்கள். அத்தனையும் உண்மைதான். பிராட்வேயில் மொத்தக் கடைகளில் சரக்கு ஏற்றி, தோப்பும்படியிலும் மட்டாஞ்சேரியிலும் இறக்குவது அவர் வேலை. அவருடைய குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டில் பேசுவது தமிழ், அதில் பாதி மலையாளம். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்க அவருக்கு வராது.

வந்த அன்றே என் துணிகளை எங்கே வைப்பது என்று கேட்டேன். படுக்கையறையில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு பீரோ ஒன்று நின்றது. அவர் அதைத் தொட்டுக்கூடக் காட்டவில்லை. "அது அவளோடது" என்றார். பிறகு வண்டியிலிருந்து சோப்பு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். ஆறு வருஷம் என் துணியெல்லாம் அந்தப் பெட்டியில் கிடந்தது. பெட்டி நைந்துபோனால் வேறு பெட்டி வந்தது. கொச்சியின் மழைக்காலத்தில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் துணி எப்படி ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சாம்பல் தூவியதுபோல் பூஞ்சை பிடிக்கும். விசேஷத்துக்குக் கட்டப் புடவையை எடுத்தால் முதலில் அதை உதறித் துடைக்க வேண்டும்.

பீரோச் சாவி அவருடைய வண்டிச் சாவிக் கொத்தில் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து திறப்பார். ஒவ்வொரு புடவையாக எடுத்து, பழைய மடிப்பில் துணி இற்றுப்போகாமல் இருக்க மடிப்பு மாற்றி மடிப்பார். பாச்சா உருண்டை போடுவார். தான் குளித்த துண்டைக் கொடியில் விரித்துப் போடத் தெரியாத மனிதர் அதையெல்லாம் அவ்வளவு பக்குவமாகச் செய்வார். அந்த நேரத்தில் நான் அறைக்குள் போகக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. போனால் கை நின்றுவிடும். நான் வெளியே வந்த பிறகுதான் மறுபடி மடிப்பார்.

மீன் குழம்பு வைத்தால் அவள் குழம்பு. வீடு பெருக்கினால் அவள் பெருக்கிய விதம். அவளுடைய நினைவுநாளில் பட்டுப்புடவை ஒன்றை நாற்காலியில் விரித்து, படத்துக்கு முன்னால் அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும். சமைப்பது நான். இலையில் முதல் கவளத்தை எடுத்ததும் அவர் முகத்தைப் பார்ப்பேன். உப்பு உறைப்பு ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்காகவே அந்தப் படத்தில் இருக்கும் முகத்தை நான் வெறுத்தேன். ஒல்லியான, நெற்றி அகலமான பெண். படத்தைத் துடைக்கும்போது வேண்டுமென்றே ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஒரு சொல் கிடைக்காமல் இருந்தது. அவர் என்னை அடித்ததில்லை. ஆனால் பேச்சு தடித்துவிட்டால் நான் பதில் சொல்லாமல் அடுப்படிப் பக்கம் திரும்பி நடந்துவிடுவேன், அது என் பழக்கம். இரண்டு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து இடது தோளைப் பிடித்து இழுப்பார். கை சட்டையைத்தான் பிடிக்கும். சில நாள் சும்மா தடுமாறுவேன், சில நாள் பிளவுஸ் கிழியும். உடனே விட்டுவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு எப்போதும் ஒரே பேச்சுதான். "அவ ஒருநாளும் எனக்கு இப்படி முதுகு காட்டிப் போனதில்ல." கிழித்தது அவர், குற்றம் என்னுடையது, சாட்சி செத்துப்போனவள். நான் மறுநாள் மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டிக் கிழிசலை மூடி, அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன்.

வேலை, மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சரக்குக் கிடங்கின் மாடியில். கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேலே நாங்கள் ஒன்பது பெண்கள், ஜூ டவுனில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் துண்டுத்துணிப் போர்வைகளைத் தைப்போம். பழைய புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, நடுவில் பருத்தித் துணி வைத்து, மேலே ஓட்டுத்தையல் போடுவது. கடையில் அதற்குக் குவில்ட் என்று பெயர். ஒருநாள் காக்கநாட்டில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, இறந்துபோன தன் அப்பாவின் சட்டைகளைக் கொண்டுவந்தாள். அதில் போர்வை தைத்துத் தர வேண்டும், நினைவாக வைத்துக்கொள்ள. முதல் சட்டையை நான் வெட்டியபோது அவள் தாங்கமாட்டாமல் எழுந்து படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கு அன்று வேறொன்றுதான் மனதில் ஓடியது. இப்படிச் சொன்னால் ஒருவர் உயிராக வைத்திருக்கும் துணியை அவர் கண்ணெதிரிலேயே வெட்டலாம். அழுதுகொண்டே நன்றியும் சொல்வார்.

அந்த எண்ணத்தை ஒரு வருஷத்துக்கு மேல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

கடல் பெருகி ஓடை வழியாக வீட்டுக்குள் ஏறுவதை இங்கே வேலியேற்றம் என்பார்கள். மழை ஒரு துளி இல்லாத நாளிலும் வரும். அந்த வருஷம் ஒரு விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், கணுக்கால்வரை தண்ணீர். விளக்கைப் போட்டால் என் அட்டைப்பெட்டி கரைந்து, புடவைகள் அறை முழுக்க மிதந்துகொண்டிருந்தன. அரக்கு நிறத்தில் ஒரு புடவை, என் கல்யாணப் புடவை, சாயம் விட்டுத் தண்ணீரெல்லாம் சிவந்துகிடந்தது. அவர் எழுந்தார். அந்தப் புடவைமேல் மிதித்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் நாலைந்து புடவைகள் மட்டும் நனைந்திருந்தன, துரு இறங்கியிருந்தது. அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தண்ணீரில் குனிந்து என் துணிகளைப் பொறுக்கினேன். எனக்காக அவர் அழ வேண்டாம், என் புடவைமேல் மிதிக்காதீர்கள் என்றாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, வீடு காய்ந்த பிறகு, ரொம்ப அக்கறையாகப் பேச்செடுத்தேன். இரும்பு பீரோவில் இனி துணி தங்காது, அடுத்த வேலியேற்றத்தில் மீதியும் போய்விடும், பட்டுப் புடவையை இப்படி மூடிவைத்தால் தானாகவே நொறுங்கும் என்றேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வையாகத் தைத்தால் தினமும் போர்த்திக்கொள்ளலாம், அவள் கூடவே இருப்பதுபோல் இருக்கும் என்றேன். காக்கநாட்டுப் பெண்ணின் கதையையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. கொத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"நீ இத்தர நல்லவளா இருப்பேன்னு நான் நினைச்சதேயில்ல" என்றார்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் கதவைச் சாத்திவிட்டு, துணிகளையெல்லாம் தரையில் குவித்தேன். பட்டு ஏழு, மற்றவை நாற்பதுக்குப் பக்கத்தில். பிளவுஸ்கள் தனி மூட்டையாகக் கட்டியிருந்தன, பல வருஷமாகப் பிரிக்காமல் முடிச்சு இறுகிக்கிடந்தது. முகூர்த்தப் புடவையை முதலில் எடுத்தேன். நல்ல மயில் பச்சை, முந்தியில் சரிகை மயில்கள். அதற்கு என் கல்யாணப் புடவையைவிட நாலு மடங்கு பவிசு. ஒரு மயிலின் கழுத்தில் கத்தரிக்கோலை வைத்து ஒரே வெட்டு. சரிகை நறநறவென்று அறுபட்டது. உடம்பு முழுக்க ஒரு லேசான நிம்மதி. அப்புறம் நிறுத்தவில்லை. சதுரத்துக்கு அளவுகூட வைக்காமல் வெட்டித் தள்ளினேன். சாயாகூடக் குடிக்காமல் மத்தியானம்வரை வெட்டினேன். முகூர்த்தப் புடவையின் துண்டுகளைப் போர்வையின் கால்மாட்டுக்கு என்று ஒதுக்கிவைத்தேன். அவர் பாதம் தினமும் அதன்மேல் படட்டும். உதட்டில் வைத்துக் கொஞ்சிய புடவை அவருடைய வெடித்த குதிகாலில் மாட்டி நூல் நூலாகப் போகட்டும். அவளை நான் வேறெப்படித் தண்டிக்க முடியும்?

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் புடவைகள் முடிந்தன. மூன்றாம் ஞாயிறு பிளவுஸ் மூட்டையைப் பிரித்தேன். பிளவுஸில் பெரிய துண்டு கிடைக்காது, முதுகுப் பக்கத்தில்தான் கொஞ்சம் எடுக்கலாம். பக்கத் தையலை பிளேடால் பிரிப்பதற்காக முதல் பிளவுஸை உள்பக்கம் திருப்பினேன். இடது கை வந்து முதுகோடு சேரும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கைத்தையல். இரட்டை நூல், நிறம் பொருந்தாத நூல், நெருக்கி நெருக்கிப் போட்டது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, பிரித்துப் போட்டேன். அடுத்ததைத் திருப்பினேன். அதே இடம். மூன்றாவதில் இல்லை. நான்காவதில் இருந்தது, அதில் இரண்டு தடவை தைத்திருந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக.

பிளேடைக் கீழே வைத்தேன். மூட்டை முழுவதையும் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டில் பதினொன்று. எல்லாம் இடது தோளுக்குப் பின்னால். எழுந்துபோய் என் பிளவுஸ்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். என்னுடையது மிஷின் தையல், அவளுடையது கைத்தையல். கிழிசல் ஒரே கிழிசல்.

அவள் முதுகு காட்டியிருக்கிறாள். ஒருநாளும் இல்லை என்று ஆறு வருஷம் அவர் என்னிடம் சொன்ன பெண், பதினொரு தடவையாவது அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடந்திருக்கிறாள். அவளையும் இழுத்து நிறுத்தியிருக்கிறார். மறுநாள் அவள் வீட்டில் கிடைத்த நூலைக் கோத்து, சத்தமில்லாமல் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். மாதாமாதம் பீரோவைத் திறந்து மடிப்பு மாற்றிய மனிதர் இந்த மூட்டையை மட்டும் பிரிக்காததன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது.

சுற்றிலும் வெட்டிப்போட்ட துண்டுகள் கிடந்தன. மயில் கழுத்துகளும் கிடந்தன. கோபத்தை நான் தப்பான வீட்டில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். அன்று எனக்கு அழுகை வந்தது, அது கொஞ்ச நேரம்தான். கோபம் எங்கும் போய்விடவில்லை. அதற்குச் சரியான ஆள் கிடைத்திருந்தார், அவ்வளவுதான்.

அதன்பிறகு அந்த வேலையை என் வாழ்க்கையில் எதையும் செய்யாத சுத்தமாகச் செய்தேன். அளவு வைத்து வெட்டினேன். அவளுடைய பிளவுஸ்களில் ஒன்பதிலிருந்து அந்தத் தோள் பகுதியை உள்ளங்கை அகலத்துக்கு எடுத்தேன். கைத்தையல் தெரியும்படி உள்பக்கத்தை மேலே வைத்தேன். என் பிளவுஸ்களில் மூன்றை அதேபோல் வெட்டினேன். பன்னிரண்டையும் போர்வையின் நடுவில், ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கறுப்புத் துணியில் பட்டி கொடுத்தேன். சுற்றிலும் எத்தனை பட்டு இருந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். தைத்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அவர் தினமும் கேட்பார், எவ்வளவு ஆயிற்று என்று. நினைவுநாளுக்கு முடித்துவிடுவேன், அன்று எல்லார் முன்னாலும் விரிக்கலாம் என்பேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

நினைவுநாளுக்கு வருஷாவருஷம் வருவது அவளுடைய அக்கா. வைட்டிலாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அந்த அக்காவையும் எனக்குப் பிடிக்காது. வந்ததும் என் கணவரோடு சேர்ந்து பீரோவைத் திறந்து அழுவார், என்னிடம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசுவார். அந்த வருஷமும் வந்தார். பக்கத்து வீட்டு மலையாளி அம்மா வந்தார், எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் வந்தாள். படையல் முடிந்து, பாயசம் குடித்த பிறகு என் கணவர் போர்வையைக் கொண்டுவந்தார். பட்டுப் பக்கம் தெரியும்படி நான்தான் மடித்துக் கொடுத்திருந்தேன். அவரே கட்டிலில் விரித்தார். விரிக்கும்போதே பேசிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு துண்டும் எந்த வருஷத்து ஓணத்துக்கு எடுத்த புடவை என்று.

எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். அக்கா கால்மாட்டில் உட்கார்ந்தார். மயில் பச்சைத் துண்டுகளைக் கண்டதும் முகம் சுருங்கியது, இதையுமா வெட்டினாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு அவர் கை நடுப்பக்கம் நகர்ந்தது. ஒரு துண்டைத் தடவினார், அடுத்ததைத் தடவினார். குனிந்து பார்த்தார்.

"இது அவ தைச்சது" என்றார். "இது எப்படி கீறிச்சு?"

"பழைய துணியில்லையா சேச்சி. இத்துப் போயிருக்கும்" என்றார் என் கணவர்.

"இத்துப் போனா அக்குள்ல போகும். தோளுக்குப் பின்னால எப்படிப் போகும்?"

அவர் அப்போதுதான் அந்த இரண்டு வரிசையையும் முழுசாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இரண்டு மாதம் தைத்திருந்தேன். பயம் இருந்தது அதில். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கடைசி மூணும் என்னோடது, அக்கா" என்றேன். "நானும் அதே எடத்துலதான் தச்சுத் தச்சுப் போடுதேன்."

எதிர்வீட்டுப் பெண் போர்வையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மா தரையைப் பார்த்தபடி, தனக்குச் சத்தம் கேட்டதுண்டு என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். எந்தக் காலத்தில் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அவர் அங்கே பதினைந்து வருஷமாக இருக்கிறார்.

என் கணவர் அவசர அவசரமாகப் போர்வையை மடித்தார். மழைக்காலம் வருகிறது, அழுக்காகிவிடும், பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன் என்றார். அக்கா எழுந்து பீரோவுக்கு முன்னால் போய் நின்றார். அதுவரை அவரை நீங்கள் என்று மட்டுமே பேசியவர்.

"அலமாரியில வைக்காதே. நீ போர்த்திக்கிட்டு உறங்கத்தானே தைக்கச் சொன்ன? உறங்கு. தினமும் உறங்கு. நான் வந்து பார்ப்பேன்."

சொன்னபடியே வந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைட்டிலாவிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு சீப்பு பழமோ கொஞ்சம் கப்பைக் கிழங்கோ எடுத்துக்கொண்டு. செருப்பைக் கழற்றியதும் நேரே படுக்கையறைக்குப் போவார். கட்டிலில் போர்வை கிடக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் அடுப்படிக்கு வந்து என்னோடு உட்காருவார். அப்படி ஒரு நாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார். கல்யாணமாகி நாலாம் வருஷம் தங்கச்சி ஒருநாள் துணிப்பையோடு அவர் வீட்டுக்கு வந்திருக்கிறாள், மூன்று நாள் இருந்திருக்கிறாள். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாளாம். புருஷன் பெண்டாட்டிக்குள் இருப்பதுதான், அனுசரித்துப் போ என்று சொல்லி, அக்காவே கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"ஜன்னல்ல தலையை வச்சுக்கிட்டுப் போனா. கையாட்டக்கூட இல்ல" என்றார்.

நானும் என்னுடையதைச் சொன்னேன். முகூர்த்தப் புடவையை எந்த மனசோடு வெட்டினேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். அக்கா என் கையைப் பார்த்தார். மிச்சத் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முந்தியில் ஒரு மயில் முழுசாக மிஞ்சியிருந்தது, கொடுத்தேன். போகும்போது, உனக்கு இங்கே முடியாமல் போனால் என் வீட்டுக்கு வா, நான் யாரையும் பஸ் ஏற்றிவிடமாட்டேன் என்றார்.

நான் ஏன் போகவில்லை என்று வேலையிடத்தில் ஒருத்தி கேட்டாள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அது பொய். அவர் அந்தப் போர்வைக்கு அடியில் கிடப்பதைப் பார்க்க வேண்டும் எனக்கு. முதல் வாரம் கறுப்புப் பட்டி கீழே போகும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தார். காலையில் நான் படுக்கையைச் சரிசெய்யும்போது மேலே திருப்பிவைத்தேன். பிறகு முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார். பாயில் கொண்டுபோய் விரித்துவைத்தேன். வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். அக்கா கேட்பார், பக்கத்து வீட்டம்மா கேட்பார். அவள் நினைவாகத் தைத்ததாயிற்றே.

போர்வை விரித்து இரண்டு மாதம் இருக்கும், கேஸ் சிலிண்டர் பதிய மறந்தது யார் என்று ஒரு சின்னச் சண்டை. நான் வழக்கம்போல் திரும்பினேன். பின்னால் அவர் காலடி கேட்டது. தோள் தானாகவே குறுகியது. நான் நின்றேன். கை வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அடுப்படிக்குப் போனேன். அதற்குப் பிறகு இன்றுவரை என் பிளவுஸ் ஒன்றும் கிழிந்ததில்லை. அவர் திருந்திவிட்டாரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மூத்தாளைப் பற்றிய பேச்சை அடியோடு நிறுத்திவிட்டார். அவள் பெயரை இப்போது வீட்டில் சொல்வது நான்தான். மீன் குழம்பு நன்றாக வந்தால், அவள் இருந்தால் ருசி பார்த்துச் சொல்லியிருப்பாள் என்பேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

போன வருஷம் ஒருநாள் என்னிடம் வந்து, அந்த நடுத் துண்டுகளை மட்டும் மாற்றி வேறு துணி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ரொம்பத் தணிவாகக் கேட்டார். மிஷின் டிராயரிலிருந்து பிளேடை எடுத்து அவர் கையில் வைத்து, நீங்களே பிரியுங்கள், பிரித்ததும் சொல்லுங்கள், வேறு வைத்துத் தருகிறேன் என்றேன். பிளேடோடு கட்டிலில் உட்கார்ந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது பிளேடு டிராயரில் இருந்தது. போர்வையில் ஒரு நூல்கூடக் கலைந்திருக்கவில்லை.

பச்சை பீரோவில் இப்போது என் துணிகள் இருக்கின்றன. கீழ்த்தட்டைக் காலியாக விட்டிருக்கிறேன், வேலியேற்றம் வந்தால் வரட்டும் என்று. சாவி என்னிடம் இருக்கிறது.

இந்தக் கர்க்கடக மாதத்து அடைமழையில் போர்வையைத் துவைத்துப் போட்டேன், நாலு நாளாகக் காயவில்லை. பட்டும் பருத்தியும் சேர்ந்து கனத்த ஈரம். அவருக்கு இருமல் வேறு. வேறு போர்வை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"நாளைக்குக் காஞ்சிரும்" என்றேன்.